தெற்கு முகத்துச் சுங்கம்

எல்வா மோயா யாரையும் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. கம்பியில் தொங்கி மலையேறும் லிஃப்ட் நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்கால் மடிப்பில் இடிக்கும் நேரம் பார்த்துத் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான் உபசாரம். பெரிய இடத்து ஆளுக்கும் அதே தட்டு, அயல்நாட்டுச் சாம்பியனுக்கும் அதே தட்டு. "உக்காருய்யா சீக்கிரம்! புது மாப்பிள்ளை கணக்கா நெளியறியே!" என்று அவள் போடும் சத்தம் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்.

ஆட்டுக்காரர் மகள். மலார்கே ஊருக்கு மேற்கே, ஆண்டீஸ் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் அவள் அப்பாவுக்கு ஒரு கல் குடிசையும் ஒரு பட்டி வெள்ளாடும் இருந்தன. பருவம் தப்பிப் பனிப்புயல் அடித்தால் ஆடுகள் புதைந்துபோகும். புயல் ஓய்ந்ததும் குடும்பமே வரிசையாக நின்று நீளமான காட்டு மூங்கில் கழியால் பனியைக் குத்திக் குத்தித் தேடும். கழியின் நுனி மெத்தென்று நின்றால் ஆடு. சில ஆடு உயிரோடு வரும், பல ஆடு வராது. அந்த வேலை பிடிக்காமல்தான் அவள் சின்னப் பெண்ணாயிருக்கும்போதே எங்கள் செரோ முதோ மலைக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். ஓட்டல் சமையல்காரனோடு சண்டை போட்டு, கழுவினதைவிட உடைத்தது அதிகம் என்ற பெயரும் வாங்கி, கடைசியில் லிஃப்டடியில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டாள். அங்கே உடைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் மலைக்குப் பனிச்சறுக்கு ஆட இரண்டு ரகம் ஆட்கள் வருவார்கள். இயந்திரம் தேய்த்து வைத்த பாதையில் குழந்தை குட்டிகளோடு வழுக்கிப் போய், சூடாகச் சாக்லேட் குடித்து, படம் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் ஒரு ரகம். அவர்களை நம்பினால் எங்கள் அடுப்பில் பூனை தூங்கும். எங்களுக்குச் சோறு போடுவது மற்ற ரகம்: பாதையே வேண்டாம் என்கிற பித்துக்குளிகள். ஆள் கால் படாத பனியில், பாறை இடுக்கில், செங்குத்தில் விழுந்து எழுந்து போகிறவர்கள். போகிற போக்கில் பாறை விளிம்பிலிருந்து தாவிக் காற்றில் ரெண்டு குட்டிக்கரணமும் போடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் அவர்கள் ஊரில் வெயில் கொளுத்தும்போது இங்கே வந்து எங்கள் குளிரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே, தெற்கு முகம். வெயில் படாத பக்கம். பனி மாவு மாதிரி கிடக்கும். அதற்குப் போகிற ஒரே லிஃப்ட் எல்வாவின் லிஃப்ட்.

கீழே இவள், மேலே இவள் புருஷன். ருஃபினோ ரெத்தாமல் மலைக் காவல்காரர்களில் ஒருவன். தெற்கு முகத்தின் வாசல் அவன் பொறுப்பு. வாசல் என்றால் ரெண்டு கழியும் நடுவில் ஒரு கயிறும்தான். ஆனால் அந்தக் கயிறு விலக வேண்டுமென்றால் முதுகுப் பையில் மடக்கு மண்வெட்டியும் தேடுகம்பியும் இருக்க வேண்டும், மார்பில் பீப்பர் இருக்க வேண்டும். பீப்பர் என்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. சுவிட்சை ஒரு பக்கம் வைத்தால் "இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன்" என்று ஓயாமல் சொல்லும். மறுபக்கம் தள்ளினால் தான் வாயை மூடிக்கொண்டு மற்றவர் பெட்டி சொல்வதைக் கேட்கும். ருஃபினோ தன் பெட்டியைக் கேட்க வைத்து ஒவ்வொருவர் மார்புக்கும் நேரே பிடிப்பான். பீப் என்றால் "போ" என்பான். இல்லையென்றால் அதுவும் சொல்லமாட்டான், கையை மட்டும் லிஃப்ட் பக்கம் நீட்டுவான்.

அத்தனை சிக்கனமான வாய். எல்வா பேசுவதில் பாதியாவது அவன் காதில் விழுகிறதா என்று ஊருக்கே சந்தேகம். "கீழே தட்டி அனுப்பறா, மேலே தடவி அனுப்பறான். நடுவுல தொங்கற நேரம்தான் நமக்கு நிம்மதி" என்று வரிசையில் ஒரு கேலி உண்டு. அவளுக்கும் அது தெரியும். அவனுக்கு வலது தோள் எப்போதோ விழுந்ததில் பின்னால் திரும்பாது. அதனால் காலையில் மாத்தே இலைத் தேநீர் குடித்து முடித்ததும் அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பான். பீப்பரின் வாரை அவள்தான் பின்னால் இழுத்துப் பூட்டுவாள். "மூச்சு விட முடியுதா?" "ம்." அதுதான் அவர்களுடைய காதல் பேச்சு, பதினெட்டு வருஷமாக.

அந்த ஆகஸ்ட்டில் பனித்தூளை வாரி இறைக்கும் வெள்ளைக் காற்று விடாமல் அடித்து லிஃப்டை மூடிப் போட்டது. காற்று நின்ற காலையில் வரிசை சாப்பாட்டுக் கூடத்தையும் தாண்டிப் போயிற்று. எல்வா தொண்டை கட்டும்வரை கத்தி ஆளேற்றினாள். மேலே வாசலில் ருஃபினோ ஒவ்வொருவராகப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தான். அப்போது கீழே பாறைகளுக்கு அடியிலிருந்து ஒரு கூச்சல். ஒருவன் ஒரு காலின் சறுக்குக் கட்டையை இழந்து, நிற்கக் கூடாத இடத்தில் நின்றுகொண்டு உயிர் போகிற மாதிரி கத்தினான். ருஃபினோ வாசலில் கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினான். "யாரும் வரக்கூடாது" என்றான். அன்றைக்கு அவன் பேசின நீளமான பேச்சு அதுதான். அப்படியே பாய்ந்து இறங்கினான்.

அந்த ஆளைத் தூக்கி, தள்ளி, பாறை முதுகுப் பக்கம் ஒதுக்கிவிட்டான். அந்த ஆளின் கை பாறையைப் பிடித்த நேரம், மேலே பனி ஒரு கோடாக விரிசல் விட்டது. பிறகு முகத்துப் பனி முழுவதும் கழன்று வந்தது. பாறையைப் பிடித்தவன் பிழைத்தான். ருஃபினோவைப் பனி அடித்துக்கொண்டு போய், முகத்தின் அடியில் பானை என்று நாங்கள் சொல்லும் பெரிய பள்ளத்தில் கொட்டி மூடியது.

குறை சொல்ல முடியாது, பார்த்தவன் ஒருவன்கூட நிற்கவில்லை. எல்லோரும் இறங்கினார்கள், எல்லோரும் பீப்பரைக் கேட்கும் பக்கம் தள்ளினார்கள். பெட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு பானை முழுக்க நடந்தார்கள். ஒன்றுகூடப் பீப் என்று சொல்லவில்லை. "சத்தம் போடாதீங்க! கேளுங்க!" என்று காவல் தலைவர் அனிபால் கத்தினார். போடுவதற்கு அங்கே யாரிடமும் சத்தம் இருக்கவில்லை.

பிறகு நாய்கள் வந்தன, எல்லைக் காவல் படை வந்தது, கம்பி பிடித்து வரிசையாகக் குத்தினார்கள். பானை பெரியது, ஆட்கள் கொஞ்சம், பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. அடுத்த புயல் வந்து எல்லாவற்றையும் மூடியது. படை திரும்பிப் போயிற்று. போகும்போது அதிகாரி எல்வாவின் கையைப் பிடித்து, "பனி உருகும்போது கிடைப்பார் அம்மா" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் பானையைப் பற்றி அவருக்குத் தெரியாது. அக்டோபரில் பானைக்கு அடியில் ஆறு திறந்துகொள்ளும். அது போகிற இடம் யாரும் இறங்காத பிளவு. உருகும்வரை காத்திருந்தால் ருஃபினோவின் எலும்புகூடக் கிடைக்காது. அது எல்வாவுக்குத் தெரியும்.

இதற்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அத்தனை பெட்டி தேடியும் ஒரு சத்தம் வரவில்லை என்றால், அவன் பெட்டியே போட்டிருக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்றார்கள். ஊரார் பெட்டியைச் சோதிக்கிறவன் தன் பெட்டியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தான் என்றார்கள். அந்த ஆணிக்கு நிறம்கூடச் சொன்னார்கள், பாவிகள்.

"நான்தான் பூட்டினேன். என் கையால பூட்டினேன்" என்று எல்வா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். புருஷன் போனவளிடம் யார் வாதாடுவார்கள்? அந்தத் தலையாட்டலைக் கண்டபிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்த மலையில் எல்வா பேசாமலிருந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்களுக்குப் பயமாக இருந்தது.

புயல் போன பிறகு பார்த்தால், தெற்கு முகத்தில் அந்த மாதிரிப் பனி வருஷக்கணக்காக விழுந்ததில்லை. மறுபடி சரியுமா என்று அனிபால் வெடி வைத்துப் பார்த்தார், திரும்ப வைத்துப் பார்த்தார். முகம் அசையவில்லை, நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் வாசலைத் திறக்கவில்லை. லிஃப்ட் நின்றது. எல்வா வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து லிஃப்டடிக் குடிலில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பானையின் விளிம்பு தெரியும்.

அனிபால் ஒரு நாள் காலை குடிலுக்கு வந்தார். ருஃபினோவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். பெரிய மீசை, சின்னக் குரல். கூடவே ரொட்டிக் கடை ஹில்தாவும் எண்ணெய் ரொட்டி ஒரு தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எல்வா, மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க, எப்பத் திறப்பேன்னு" என்றார் அனிபால். "நீ சொல்லாம நான் திறக்க மாட்டேன். அவன் அங்கே கிடக்கான்."

"என் புருஷன் மேல யாரும் சறுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி. அவ்வளவுதான்" என்று அவர் எழுந்தார்.

ஹில்தா எழவில்லை. "நான் சொல்லக் கூடாதுதான், ஆனா சொல்லித் தொலைக்கறேன். திட்டினா திட்டு. சறுக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் மூட்டை கட்டிட்டாங்க, எல்வா. சிலே பக்கம் போறாங்களாம். நான் மாவு பிசையறதை நிறுத்தியாச்சு. அறை கூட்டற பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் துக்கம் பெரிசுதான். ஆனா எங்க எல்லாரையும் அதுக்குள்ள போட்டுப் புதைக்காதே."

"வெளிய போடி" என்றாள் எல்வா.

ஹில்தா அழுதுகொண்டே போனாள். ரொட்டித் தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

குடிலுக்கு வெளியே பித்துக்குளிகள் சும்மா இருக்க மாட்டாமல் பனியை வெட்டிக் குவித்துத் தாவு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாரிலோச்சேவிலிருந்து வந்திருந்த ஃபௌஸ்தோ என்பவன்தான் தலைவன்; தலைமுடிக்குப் பச்சைச் சாயம், காற்றில் மூன்று முறை திருகித் திரும்பி வந்து நிற்பான், நின்றதும் தனக்குத் தானே கைதட்டிக்கொள்வான். குடில் காலி என்று நினைத்துக்கொண்டு பலகைச் சுவரில் சாய்ந்து நின்று கூட்டாளியிடம் பேசினான்.

"பெட்டியை ஆணியில மாட்டிட்டு வந்தானாம்டா. அந்த ஆளுக்காக நாம இங்கே ஐஸ் பொம்மை செஞ்சிட்டு உக்காந்திருக்கோம்."

கதவு திறந்தது. எல்வா நின்றாள். ஃபௌஸ்தோவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று.

"அக்கா... நான் வந்து..."

எல்லோரும் அவள் அறையப் போகிறாள் என்றுதான் பார்த்தார்கள். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. அவன் முதுகைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவன் முதுகைப் பார்த்தாள். மேடை மேலே, கீழே, உணவுக்கூடத்துச் சுவரோரமாக, சும்மா நின்ற அத்தனை முதுகையும் பார்த்தாள்.

"உன் பையில என்ன இருக்கு?"

"அக்கா?"

"காதுலயும் சாயம் பூசிட்டியா? பையில என்ன?"

"மண்வெட்டி... தேடுகம்பி... தண்ணி பாட்டில்..."

"அந்தக் கம்பியை எப்பவாவது பிரிச்சிருக்கியா?"

"வாங்கின அன்னிக்கு, கடையில..."

"நீ?" என்றாள் அடுத்தவனிடம். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவனுக்கு அடுத்தவள் பையில் கம்பி, கடை உறையிலிருந்தே வெளியே வந்திருக்கவில்லை.

எல்வா குடில் படியில் உட்கார்ந்துவிட்டாள். ருஃபினோ போனதிலிருந்து முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். "அடப் பாவி மனுஷா!" என்று அழுதாள். "உன்னைத் தேடறதுக்குக் கம்பியும் தூக்கிட்டு ஆயிரம் பேர் வாசல்ல வந்து நிக்கறாங்க. நான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கேனே!"

அனிபாலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"திற" என்றாள். "ஆனா சும்மா இல்ல. இறங்கற ஒவ்வொருத்தரும் பானையில நின்னு என் புருஷனுக்காக மூணு குத்து குத்திட்டுப் போகணும். இடது கைப்பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வலது கைப்பக்கம் ஒண்ணு. எங்கப்பா ஆடு தேடின மாதிரி. வரிசை மாறக் கூடாது. அதுதான் தெற்கு முகத்துச் சுங்கம். கட்டாதவனுக்கு என் லிஃப்ட் கிடையாது."

அனிபால் மீசையைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பானையைப் பார்த்தார். "கயிறு கட்டணும்" என்றார் கடைசியில். "நேரா நிக்கறதுக்கு."

அப்படித்தான் தெற்கு முகம் திறந்தது. பானையின் மேல் விளிம்பில் நீளமான கயிறு. அதில் கைநீள இடைவெளியில் சிவப்புத் துணிக் கிழிசல்கள். எல்லாம் ஹில்தா கிழித்துக் கட்டிக் கொடுத்தவை. எல்வா மன்னிப்புக் கேட்கவில்லை, ஹில்தாவும் கேட்கவில்லை, ரெண்டு பேரும் கிழிசல் முடிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பித்துக்குளிகள் மேலிருந்து மாவுப் பனியைக் கிளப்பிக்கொண்டு கூவிக்கொண்டு வருவார்கள். பானை விளிம்புக்கு வந்ததும் கூச்சல் நின்றுவிடும். ஒரு கிழிசலுக்கு முன்னால் நின்று, கம்பியைப் பிரித்து, மூன்று குத்து. பிறகு அடுத்தவன். வரிசை முடிந்ததும் காவல்காரர்கள் கயிற்றை ஓரடி கீழே இறக்குவார்கள்.

முணுமுணுப்பு இல்லாமலா? தலைநகரத்திலிருந்து வந்த ஒருவர், "டிக்கெட் வாங்கினது சறுக்கறதுக்கு, குழி தோண்டறதுக்கு இல்ல" என்றார். "சரிங்க ஐயா. சாக்லேட் அந்தப் பக்கம்" என்று எல்வா அவரை வரிசையிலிருந்து தோளைப் பிடித்துத் திருப்பி விட்டாள். மறுநாள் அவரும் வந்தார், குத்தினார். ஃபௌஸ்தோ தினமும் எத்தனை முறை இறங்கினானோ அவனுக்கே தெரியாது. கரணம் போடுவதை விட்டுவிட்டான். மூன்று குத்துக்குப் பதில் அவன் கம்பி நிற்காமல் குத்துவதைப் பார்த்து அனிபால், "டேய், வரிசையைக் கெடுக்காதே" என்று அதட்ட வேண்டியிருந்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பானை தேயவில்லை. கம்பி கல்லில் முட்டியது, யாரோ எப்போதோ தொலைத்த சறுக்குக் கட்டையில் முட்டியது. ஒரு நாள் ருஃபினோவின் சறுக்கு ஊன்றுகோல்களில் ஒன்று வந்தது. அன்றைக்கு எல்வா லிஃப்டை ஓட்டிக்கொண்டே அதை அக்குள் இடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள், சாப்பிடப் போகவில்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. செப்டம்பர் வந்தது. மதியத்தில் வெயில் உறைக்கத் தொடங்கியது. பானையின் அடி விளிம்பில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்பதாகக் காவல்காரர்கள் சொன்னார்கள். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வருகிற வழியில் ஓடையின் நிறம் மாறுவதை அவளே தினமும் நின்று பார்த்தாள்.

கண்டுபிடித்தது எங்களில் யாருமில்லை. ஃபௌஸ்தோவும் இல்லை. கோர்தோபா நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டர் அம்மாள். முதல் நாளே பயந்து பயந்து இறங்கி வந்து, சுங்கம் என்ன என்று கேட்டு, ஒரு கிழிசலுக்கு முன்னால் நின்று குத்தினாள். ரெண்டாவது குத்தில் கையை நிறுத்திக்கொண்டாள். "இது பனி இல்ல. கல்லும் இல்ல. மண்ணும் இல்ல" என்றாள். கம்பியை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி முனையால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பழகின கை. அவள் பெயரைக்கூட நாங்கள் ஒழுங்காகக் கேட்டு வைக்கவில்லை, அது எங்களுக்கு இன்றைக்கும் வெட்கம்.

கீழே எல்வாவின் ரேடியோவில் அனிபாலின் சின்னக் குரல் வந்தது. "எல்வா. லிஃப்டை நிறுத்து."

காற்றுக்காகத் தவிர வேறு எதற்கும் அவள் ஓடுகிற லிஃப்டை நிறுத்தினவள் இல்லை. நிறுத்தினாள். வரிசை முழுக்கத் தொப்பியைக் கழற்றியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அத்தனை வருஷம் ஊரையே ஏற்றி அனுப்பியவள் அதில் உட்கார்ந்ததேயில்லை. எப்படி உட்காருவது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாள். ஹில்தா ரொட்டிக் கடையிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்து அவள் தோளில் மெல்லத் தட்டினாள். காவல்காரன் ஒருவன் லிஃப்டை மறுபடி ஓட்டிவிட, ரெண்டு பேரும் சேர்ந்தே மேலே போனார்கள்.

காவல்காரர்கள் அவளைப் பனி வண்டியில் வைத்துப் பானைக்கு இறக்கினார்கள். அதற்குள் தோண்டி முடித்திருந்தார்கள். குழியின் அடியில் ஃபௌஸ்தோ முழங்காலிட்டு நின்றான், கையுறை கிழிந்து விரலில் ரத்தம். ருஃபினோவின் முகத்தை யாரோ ஒரு கழுத்துத் துணியால் மூடியிருந்தார்கள். எல்வா துணியை எடுத்தாள். பார்த்தாள். அவன் தூங்கும்போது இருப்பதுபோல ஒன்றும் இல்லை, குளிரில் செத்தவன் மாதிரிதான் இருந்தான். அவள் அந்தக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே, மற்றக் கையால் கோட்டின் ஜிப்பை இறக்கினாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று அகலமாகத் திறந்தாள்.

பெட்டி இருந்தது. அவள் பூட்டின வார் அவள் பூட்டின துளையிலேயே இருந்தது.

ஃபௌஸ்தோ தலையைக் குனிந்துகொண்டான். அனிபால் குழிக்குள் இறங்கிப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். அது பழைய பெட்டி. இப்போது வருகிறவை கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே சொல்கிற பக்கம் திரும்பிக்கொள்ளும், இது திரும்பாது. புதுசு கொடுத்தும் ருஃபினோ வாங்கவில்லை. அனிபால் சுவிட்சைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னது?" என்றாள் எல்வா.

"கேக்கற பக்கம் இருக்கு." அவர் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "வாசல்ல எல்லாரையும் சோதிச்சிட்டிருந்தான். அந்த ஆள் கத்தினதும் அப்படியே பாஞ்சிருக்கான். திருப்பி வைக்கல. நாங்க அவனைத் தேடறப்போ, அவன் பெட்டி... அது எங்களைக் கேட்டுட்டு இருந்திருக்கு, எல்வா."

எல்வா தன் இரண்டு கையாலும் ருஃபினோவின் மார்பில் அடித்தாள். "ஊரையே பார்த்தியே! ஒருத்தன் விடாமப் பார்த்தியே! உன்னைப் பார்க்க ஒருத்தரும் இல்லையாய்யா அங்கே? பாவி, அத்தனை பேர் வரிசையில நின்னாங்களே, ஒருத்தர்கூட உன்னைத் திருப்பிப் பார்க்கலையே!"

அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்தக் குழியைச் சுற்றி நின்றார்கள். அவள் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் அது போய்த் தைத்தது. உண்மைதானே? அவன் தங்களைச் சோதிக்க நெஞ்சை நிமிர்த்திக் காட்டியவர்கள், அவனுக்கும் ஒரு நெஞ்சு இருப்பதை நினைத்துப் பார்த்ததில்லை.

அவனை மலார்கே கல்லறையில் புதைத்தோம். எல்வா அடுத்த பனிக்காலத்தில் லிஃப்டடிக்கு வரவில்லை. அதற்கு முந்தின கோடை முழுக்க அனிபாலிடம் சறுக்கப் பழகினாள். அந்த வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, விழாத இடமில்லை, திட்டாத ஆளில்லை. கோடையில் பனி ஏது என்று கேட்பீர்கள். மேலே பனியாற்றில் எப்போதும் இருக்கும். ஜூலையில் தெற்கு முகத்து வாசலில், ருஃபினோ நின்ற இடத்தில் அவள் நின்றாள்.

இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள். ஒவ்வொருவராகப் பார்ப்பாள், பையைத் தட்டுவாள், "போ, போ, வழியை அடைக்காதே" என்பாள். வாய் மட்டும் குறையவேயில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் கடைசி ஆள் மட்டும் உடனே போய்விட முடியாது. அவனை நிறுத்திவிடுவாள். புதிதாக வருகிறவர்களுக்கு இது புரியாது. கீழே பனி காத்திருக்கிற அவசரத்தில் பல்லைக் கடிப்பார்கள். போன வாரம்கூட ஒரு கிரிங்கோ வெள்ளைக்காரன், சுளித்த முகத்தோடு, "என்னை ஏற்கெனவே பார்த்தாச்சே!" என்றான்.

"பார்த்தாச்சு கண்ணு. இப்ப நீ என்னைப் பாரு."

தன் பெட்டியைச் சொல்கிற பக்கம் திருப்பிவிட்டு, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு அவள் நின்றாள். அவன் முனகிக்கொண்டே தன் பெட்டியைக் கேட்க வைத்து அவள் மார்புக்கு நேரே பிடித்தான். பீப் என்றது. அவன் அதைத் திரும்பச் சொல்கிற பக்கம் தள்ளுகிறவரை பார்த்துவிட்டுத்தான் அவள் கயிற்றை விலக்கினாள். அவள் மார்பில் இருப்பது ருஃபினோவின் பழைய பெட்டி.